எரித்துப் பார்த்து எழுதிய விகிதம்

வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசெட்டிக் அமிலம், தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலம், மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் குளுக்கோஸ், மீன் கெடாமலிருக்கத் தெளித்துவிட்டார்கள் என்று அவ்வப்போது செய்தியில் அடிபடும் ஃபார்மலினுக்குள் இருக்கும் ஃபார்மால்டிஹைடு. இவற்றில் ஒன்று உணவு, ஒன்று நஞ்சு. ஆனால் நான்கையும் தூய்மையாக எடுத்து, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் விடை ஒன்றே: எடையில் கார்பன் 40 சதவீதம், ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3.

இந்தச் சதவீதங்களை அணுக்களின் எண்ணிக்கைக்கு மாற்றினால் கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. பள்ளியில் இதைத்தான் எளிய விகித வாய்ப்பாடு என்று படிக்கிறோம். இட்லி மாவுக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று சொல்வது போல இது. ஊற வைத்தது ஒரு வீட்டுக்கா, கல்யாணத்துக்கா என்பது அந்த விகிதத்தில் இருக்காது. ஃபார்மால்டிஹைடில் அந்த 1:2:1 ஒருமுறைதான் இருக்கிறது. அசெட்டிக் அமிலத்தில் இரண்டு மடங்கு, லாக்டிக் அமிலத்தில் மூன்று, குளுக்கோஸில் ஆறு. எடை பார்க்கும் தராசுக்கு இந்த மடங்கு தெரியவே தெரியாது.

அப்படியானால் எதற்கு இந்த அரைகுறை வாய்ப்பாடு என்று தோன்றலாம். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கணக்கு என்பதைத் தாண்டி இதைப் பலரும் யோசிப்பதில்லை. என் பார்வையில் வேதியியல் பாடத்தின் நேர்மையான பகுதிகளில் இது ஒன்று. ஆய்வகத்தில் கிடைத்த சான்று எதுவரை பேசுகிறதோ அதுவரை மட்டும் எழுதி, அங்கேயே நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பாடு இது. ஆனாலும் இதற்குள் அளந்து பெற்றவை எவை, கழித்துப் பெற்றவை எவை, நம்பிக்கையில் எடுத்துக்கொண்டவை எவை என்று பிரித்துப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் கிடைக்கும்.

முதலில் அளவீடு. ஜெர்மனியின் கீசன் நகரில் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1831-இல் வடிவமைத்த கண்ணாடிக் கருவி ஒன்று உண்டு. முக்கோண வடிவில் வளைத்த குழாய், அதில் ஐந்து குமிழ்கள், உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். ஆராய வேண்டிய பொருளைத் தாமிர ஆக்சைடுடன் கலந்து ஒரு குழாயில் போட்டு நன்றாகச் சூடாக்குவார்கள். பொருளில் உள்ள கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் முழுவதும் நீராவியாகவும் வெளியே வரும். வழியில் கால்சியம் குளோரைடு வைத்த குழாய் நீராவியைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டி ஐந்து குமிழ்க் கருவி கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் எரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு முன்பெல்லாம் வெளிவரும் வாயுவின் கன அளவை அளந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கை தேர்ந்தவர்களுக்கே அது கடினம். லீபிக்கின் கருவி வந்தபின் மாணவர்களே நம்பகமான முடிவுகளைத் தரத் தொடங்கினார்கள். அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னத்தில் இன்றும் அந்தக் குமிழ்க் கருவியைப் பார்க்கலாம்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 0.180 கிராம் பொருளை எரித்தோம். கார்பன் டை ஆக்சைடு பிடித்த கருவியின் எடை 0.264 கிராம் கூடியது. நீர் பிடித்த குழாய் 0.108 கிராம் கூடியது. கார்பன் டை ஆக்சைடின் எடையில் 44-க்கு 12 பங்கு கார்பன், ஆகவே கார்பன் 0.072 கிராம். நீரின் எடையில் 18-க்கு 2 பங்கு ஹைட்ரஜன், ஆகவே ஹைட்ரஜன் 0.012 கிராம். மீதி 0.096 கிராம் ஆக்சிஜன். ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால் (12, 1, 16) வகுத்தால் 0.006, 0.012, 0.006. அதாவது 1:2:1.

இந்தக் கணக்கில் ஆக்சிஜனை யாரும் அளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தாமிர ஆக்சைடும் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருப்பதால், வெளியே வந்ததில் எது பொருளின் ஆக்சிஜன், எது தாமிர ஆக்சைடின் ஆக்சிஜன் என்று பிரிக்க முடியாது. அதனால் மொத்த எடையில் கார்பனையும் ஹைட்ரஜனையும் கழித்து, மிச்சத்தை ஆக்சிஜன் பெயரில் எழுதுகிறோம். கார்பன் அளவில் நேர்ந்த பிழை, ஹைட்ரஜன் அளவில் நேர்ந்த பிழை, சோதிக்க மறந்துபோன கந்தகம், எரியாமல் தங்கிய சாம்பல் எல்லாமே ஆக்சிஜன் கணக்கில்தான் போய் விழும். நைட்ரஜன் இருக்கிறதா, கந்தகம் இருக்கிறதா என்று முன்கூட்டியே தனியாகச் சோதித்திருந்தால் மட்டுமே அந்தக் கழித்தலுக்கு மதிப்பு.

அடுத்தது, நம்பிக்கையில் எடுத்துக்கொண்ட பகுதி. லண்டனில் 1825-இல் மைக்கேல் ஃபாரடே, விளக்கெரிக்கப் பயன்பட்ட எண்ணெய் வாயுவை அழுத்தி அடைக்கும்போது தங்கிய திரவத்திலிருந்து புதிய பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இன்று அதை பென்சீன் என்கிறோம். அதில் கார்பன் 92.3 சதவீதம், ஹைட்ரஜன் 7.7 சதவீதம். நாம் இன்று கணக்குப் போட்டால் விகிதம் 1:1. ஃபாரடே கண்ட விகிதமோ கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் ஒன்று. அளவீட்டில் அவர் கை தேர்ந்தவர். அங்கே பிழை இல்லை. கார்பனின் எடையை 6 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டதுதான் வித்தியாசம். 92.3-ஐ ஆறால் வகுத்தால் 15.4, பன்னிரண்டால் வகுத்தால் 7.7. அதே தராசு, அதே சதவீதம், வேறு வாய்ப்பாடு.

இந்த 6 எங்கிருந்து வந்தது? தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்று ஜான் டால்டன் வைத்துக்கொண்டார். இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரிந்திருக்கிறது என்றால், அதை ஒன்றுக்கு ஒன்று என்று கொள்வது அவருடைய விதி. எளிமையாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்குச் சான்று கிடையாது. அப்படி வைத்தால் ஆக்சிஜனின் எடை 8 ஆகிவிடும், கூடவே கார்பன் 6 ஆகிவிடும். இந்தக் குழப்பத்தால் அரை நூற்றாண்டு காலம் ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1860-இல் கார்ல்ஸ்ரூவே நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது இத்தாலியரான ஸ்தானிஸ்லாவோ கன்னிசாரோ, ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்ற அவகாட்ரோவின் பழைய கருத்தைத் தூசி தட்டி எடுத்து, வாயுக்களின் அடர்த்தியிலிருந்து அணு எடைகளை எப்படி முரண்பாடில்லாமல் பெறலாம் என்று வாதாடினார். அதற்குப் பிறகுதான் விஷயம் மெல்ல மெல்லச் சீரானது.

முழு எண்ணாக்குவதும் ஒரு நம்பிக்கைதான். விகிதம் 1:1.98 என்று வந்தால் தயங்காமல் 1:2 என்று எழுதுகிறோம். சேர்மங்களில் தனிமங்கள் எப்போதும் நிலையான விகிதத்தில்தான் சேரும் என்று ஸ்பெயினில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் ஜோசப் ப்ரூஸ்ட் சொன்னதே இதற்கு அடிப்படை. இல்லை, விகிதம் மாறலாம் என்று இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலே அவருடன் பல ஆண்டுகள் மல்லுக்கு நின்று தோற்றார். ஆனால் இரும்பு ஆக்சைடு வகைகளில் வூஸ்டைட் என்று ஒன்று உண்டு. புத்தகத்தில் இரும்பு ஒன்று, ஆக்சிஜன் ஒன்று. உண்மையில் இரும்பு 0.95 அல்லது அதற்கும் கீழே, தயாரித்த விதத்தைப் பொறுத்து. அதை 1 என்று முழுதாக்கினால் நாம் அழிப்பது பிழையை அல்ல, பொருளின் இயல்பை. பெர்த்தொலேக்கு இந்த அளவுக்காவது நியாயம் கிடைத்ததே!

சான்று, கோட்பாட்டைத் திணறடித்த கதை இன்னொன்று. 1820-களில் லீபிக், சில்வர் ஃபல்மினேட்டை ஆராய்ந்தார். தொட்டால் வெடிக்கும் சங்கதி அது. அதே சமயம் ஃப்ரீட்ரிஷ் வோலர் என்ற இன்னொரு இளைஞர் சில்வர் சயனேட்டை ஆராய்ந்தார். அது சாதுவான பொருள், வெடிக்காது. இருவருடைய முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெள்ளி, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் ஒரே அளவு. ஒரே கலவையில் இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதுதான் அன்றைய பொதுப்புத்தி. ஆகவே யாரோ ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டும். அது வோலர்தான் என்று லீபிக் சொன்னார். பிறகு சோதித்தபோது லீபிக் கையில் இருந்த சயனேட்டில்தான் மாசு என்று தெரிந்தது. தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தாலும் இரண்டும் அப்படியே ஒத்துப்போயின. சண்டை போட்டவர்கள் வாழ்நாள் நண்பர்கள் ஆனார்கள். தப்பு அளவீட்டில் இல்லை, பொதுப்புத்தியில் இருந்தது: அணுக்கள் எத்தனை என்பதோடு, எது எதோடு கோத்திருக்கிறது என்பதும் முக்கியம். டார்டாரிக் அமிலத்திலும் இதே மாதிரி ஒரு ஜோடியைப் பார்த்த ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1830-இல் இதற்கு ஐசோமெரிசம் என்று பெயர் வைத்தார். நம் பாடநூல்களில் மாற்றியம்.

சரி, விகிதத்திலிருந்து மூலக்கூறுக்கு எப்படிப் போவது? எரிப்பதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு அளவீடு தேவை. பென்சீன் ஆவி, அதே கன அளவு ஹைட்ரஜன் வாயுவைப் போல 39 மடங்கு கனமானது. ஹைட்ரஜன் மூலக்கூறின் எடை 2, ஆகவே பென்சீன் மூலக்கூறு 78. ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன் சேர்ந்தால் 13. எழுபத்தெட்டில் பதின்மூன்று ஆறு முறை. அதே 1:1 விகிதமுள்ள அசெட்டிலீன் 26-தான், ஆகவே இரண்டு மடங்கு. இன்று இந்த வேலையை, மூலக்கூறின் எடையை அளக்கும் கருவியான நிறை நிறமாலைமானி செய்கிறது, அதுவும் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை. குளுக்கோஸ், ஆஸ்பிரின் இரண்டின் எடையும் மேலோட்டமாகப் பார்த்தால் 180. துல்லியமாகப் பார்த்தால் குளுக்கோஸ் 180.0634, ஆஸ்பிரின் 180.0423.

எரித்துப் பார்ப்பதன் எல்லை எங்கே என்று பார்க்க மெழுகு நல்ல இடம். 29 கார்பனும் 60 ஹைட்ரஜனும் உள்ள ஒரு மெழுகு மூலக்கூறில் ஹைட்ரஜன் 14.79 சதவீதம். 30 கார்பனும் 62 ஹைட்ரஜனும் இருந்தால் 14.78. இந்த வித்தியாசத்தை எரித்துக் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை முறை திரும்பத் திரும்பச் செய்தாலும் சரி. சான்று போதவில்லை என்றால் அதே சான்றை இன்னும் கொஞ்சம் சேர்ப்பதால் எப்போதும் பலன் கிடைக்காது. வேறு வகைச் சான்று வேண்டும்.

இதை மறந்ததால் உயிர்களே போயிருக்கின்றன. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் மதுபான ஆலையின் ஆய்வகத்தில் யோகன் கெல்டால் 1883-இல் நைட்ரஜனை அளக்கும் முறையொன்றைக் கண்டுபிடித்தார். தானியத்தையோ பாலையோ அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி அளப்பது. உணவில் நைட்ரஜன் பெரும்பாலும் புரதத்திலிருந்துதான் வருகிறது என்பதால், கிடைத்த நைட்ரஜனை பாலுக்கு 6.38-ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று எழுதிவிடுவார்கள். அளந்தது நைட்ரஜன், எழுதியது புரதம். நடுவில் இருப்பது ஓர் அனுமானம்.

சீனாவில் 2008-இல் வெளிவந்த பால் கலப்படத்தில் அந்த நடுப்பகுதியைத்தான் குறிவைத்தார்கள். தண்ணீர் சேர்த்த பாலில் புரதம் குறைந்து தெரியும். மெலமின் என்ற பொருளில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். எளிய விகிதத்தில் கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு, நைட்ரஜன் இரண்டு. சமையலறைத் தட்டுகளுக்கான பிளாஸ்டிக் செய்யப் பயன்படுவது. ஒரு லிட்டரில் ஒரு கிராம் மெலமின் கலந்தால், கெல்டால் சோதனையில் அது நாலேகால் கிராம் புரதமாகக் காட்டும். சோதனை பொய் சொல்லவில்லை. நைட்ரஜன் உண்மையிலேயே அங்கே இருந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குச் சிறுநீரகக் கல். ஆறு குழந்தைகள் இறந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு. மெலமினையே தேடிப் பிடிக்கும் நிறமாலைச் சோதனைகள் பல நாடுகளில் அதற்குப் பிறகுதான் பாலுக்கும் பால்மாவுக்கும் தீவிரமாக வந்தன.

இன்றும் புதிய சேர்மம் ஒன்றைத் தயாரித்தால் எரித்துப் பார்க்கும் வழக்கம் போகவில்லை. ஃப்ரிட்ஸ் ப்ரெகல் என்ற ஆஸ்திரியர் சில மில்லிகிராம் பொருளே போதும் என்ற அளவுக்கு முறையைச் சுருக்கி, 1923-இல் நோபல் பரிசு வாங்கினார். இப்போது இரண்டு மூன்று மில்லிகிராமை வெள்ளீயத் தகட்டுக் குப்பியில் மடித்து இயந்திரத்தில் போட்டால், சுமார் 1000 டிகிரி சூட்டில் எரித்து நைட்ரஜன், கார்பன், ஹைட்ரஜன் மூன்றையும் சில நிமிடங்களில் சொல்லிவிடும். கணக்கிட்ட மதிப்புக்கும் அளந்த மதிப்புக்கும் வித்தியாசம் 0.4 சதவீதத்துக்குள் இருந்தால் பொருள் தூய்மையானது என்று ஆய்விதழ்கள் ஏற்றுக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

இந்த 0.4-ஐயே சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தூய்மையான சில சேர்மங்களை 18 ஆய்வகங்களுக்கு அனுப்பி, வந்த எண்களை ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. ஏறக்குறைய பத்தில் ஒரு அளவீடு எல்லைக்கு வெளியே விழுந்தது. பொருளில் குறை ஒன்றும் இல்லை. இயந்திரமும் கையும் தரும் இயல்பான சிதறல்தான் அது. அப்படியென்றால் நேர்மையாக இருபது சேர்மம் செய்து அனுப்பும் மாணவருக்குச் சராசரியாக ஒன்றிரண்டாவது முதல் முறையில் தேறாமல் திரும்பி வர வேண்டும். பல தூள்கள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், கரைப்பான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் சேர்ந்தால் இன்னும் அதிகம். ஆகவே வித்தியாசம் 0.5 என்று எழுதி, பொருளின் இரண்டு மூலக்கூறுக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒட்டியிருக்கலாம், அதைத் தனியாக அளந்தும் பார்த்தோம் என்று குறிப்பு போட்டிருக்கும் கட்டுரையை நான் சந்தேகப்பட மாட்டேன். முப்பது சேர்மங்கள், தொண்ணூறு எண்கள், எல்லாமே இரண்டாம் தசமம் வரை கணக்கோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அட்டவணையைப் பார்த்தால்தான் இயந்திரத்தின் அசல் அச்சுத்தாளைக் கேட்கத் தோன்றும்.