சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறதா?

குற்ற வழக்கில் சாட்சியாகச் சம்மன் வந்ததும் பலரும் பயப்படுவது, "நம்மையும் கூண்டில் ஏற்றுவார்களே" என்றுதான். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நிற்கும் கூண்டு வேறு, சாட்சிக் கூண்டு வேறு. சாட்சிக் கூண்டு நீதிபதியின் மேடைக்கு அருகிலேயே இருக்கும். நிற்க முடியாதவர்கள் நாற்காலி கேட்கலாம்; தயங்க வேண்டியதில்லை.

முறை வரும்வரை வெளியே காத்திருக்கச் சொல்வார்கள். ஒரு சாட்சி சொல்வதை அடுத்தவர் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய் உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம். அதில் விருப்பமில்லாதவர்கள் உளமார உறுதி கூறலாம்.

முதலில் கேள்வி கேட்பவர் அரசு வழக்கறிஞர். இது முதல் விசாரணை. "எதிரி கையில் கத்தி இருந்ததுதானே?" என்று விடையை வாயில் திணிக்கும் கேள்வியை, வழக்கின் சர்ச்சைக்குரிய விஷயத்தில், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்ற அனுமதியின்றி அவர் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில் எதிரியின் வழக்கறிஞருக்கு அந்தத் தடை இல்லை. மடக்கத்தான் செய்வார், அது அவர் வேலை. ஆனால் அவமதிக்கும் நோக்கமுள்ள கேள்வியை நீதிபதி தடுத்தாக வேண்டும். "தெரியாது", "நினைவில்லை" என்பவையும் பதில்களே. ஊகித்துச் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

போலீசாரிடம் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும் என்று நினைப்பது வீண் கவலை. அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தே வாங்கக் கூடாது. முரண்பாட்டைச் சுட்டிக்காட்டவே பெரும்பாலும் அது பயன்படும். கண்டதையும் கேட்டதையும் சொன்னால் போதும். தெரிந்தே பொய் சொன்னால் 7 ஆண்டுவரை சிறை உண்டு.

சாட்சியம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 313-இன்படி, பதிவான சாட்சியத்தை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் திருத்தலாம். நீதிபதி திருத்த மறுத்தாலும் உங்கள் ஆட்சேபத்தையாவது குறித்துவைக்கலாம். வேறு மொழியில் எழுதியிருந்து அது உங்களுக்குப் புரியாவிட்டால், மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அவசரத்தில் இந்தக் கட்டம் நழுவிப்போகும். "வாசித்துக் காட்டுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

மிரட்டல் இருந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஒப்புதல் அளித்த திட்டம் இது. கடுமையான குற்ற வழக்குகளுக்குப் பொருந்தும். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்க வேண்டும். ஆபத்து எவ்வளவு என்று காவல்துறையிடம் அறிக்கை பெற்று, எதிரியை நேருக்கு நேர் சந்திக்காமல் சாட்சி சொல்லவும் அந்தக் குழு வழிசெய்யலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இதற்கென மனு தேவையில்லை. எதிரி கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்வது போக்சோ சட்டத்தின்படி நீதிமன்றத்தின் கடமை.

பயணச் செலவுக்குப் படி வழங்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து, கிளம்பும் முன் நீதிமன்ற எழுத்தரிடம் விசாரியுங்கள்.