எட்டுச் சொத்தையா, ஒரு சொத்தையா?

வீட்டு விசேஷத்துக்கு நூறு கத்திரிக்காய் தேவைப்பட்டது. அம்மாவோடு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய், காம்பைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் விரலில் குத்திவிடும். ஒரு கடையில் பத்துப் பத்தாகக் கூறு போட்டிருந்தார்கள். அம்மா ஒரு கூறைப் புரட்டினார். ஒரே ஒரு காயில் புழு துளைத்த ஓட்டை. அடுத்த கடையில் நூறு காய் கொண்ட கூடை, அதே விலைக்கணக்கு. கொட்டிப் பார்த்ததில் எட்டு சொத்தை.

“இதுல எட்டு சொத்தை இருக்குதுடா. அங்கயே வாங்கிக்கலாம்” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பத்துக் கூறு வாங்கினோம். வீட்டில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து நறுக்கியபோது ஒதுக்கியது பத்துக் காய்.

அம்மாவுக்குக் கணக்கு நன்றாகவே வரும். பத்தில் ஒன்று என்றால் நூறில் எத்தனை என்று கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பார். அந்தக் கேள்விதான் எங்கள் இருவர் மனசிலும் எழவில்லை. கண் முன்னால் நின்றவை எட்டும் ஒன்றும் மட்டுமே.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1994இல் வெரோனிகா டெனெஸ்-ராஜ், சீமோர் எப்ஸ்டீன் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்கள் முன்னால் இரண்டு தட்டு மிட்டாய் வைத்தார்கள். சின்னத் தட்டில் 10 மிட்டாய், அதில் 1 சிவப்பு. பெரிய தட்டில் 100 மிட்டாய், அதில் சிவப்பு 10ஐ விடக் குறைவு. பார்க்காமல் எடுத்துச் சிவப்பு வந்தால் பணம். வாய்ப்பு அதிகம் சின்னத் தட்டில்தான். ஆனாலும் பெரும்பாலானோர் ஒரு முறையாவது பெரிய தட்டுக்குப் போனார்கள். கணக்குப்படி தங்களுக்குப் பாதகம் என்று தெரிந்தே போனவர்களும் உண்டு; அதில் சிவப்பு நிறைய இருக்கிறதே என்பது அவர்கள் சொன்ன காரணம்.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளியில் படித்தோம். மனசு எடுக்கும் குறுக்குவழி, தொகுதியைப் பிடித்துக்கொண்டு பகுதியைக் கைவிடுவதுதான். விவரம் தெரிந்த வயதிலிருந்து எண்ணி எண்ணிப் பழகியவர்கள் நாம். எண்ணிக்கை கேட்காமலே வந்து நிற்கும். விகிதம் அப்படியில்லை, இரண்டு எண்களைச் சேர்த்துப் பிடித்து ஒப்பிட வேண்டும், அதற்கு நேரமும் கவனமும் வேண்டும்.

கத்திரிக்காயோடு போனால் பரவாயில்லை. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர் கிமிஹிகோ யமகிஷி நோய்களின் ஆபத்தை மதிப்பிடச் சொன்னார். 10,000 பேரில் 1,286 பேர் இறப்பார்கள் என்று சொன்னபோது, 100க்கு 24.14 பேர் என்று சொன்னதைவிட அதிக ஆபத்தாகத் தோன்றியது. உண்மையில் இரண்டாவதுதான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வைத்தியத்துக்காக எங்கெங்கிருந்தோ வேலூருக்கு வருகிறார்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஆயிரத்தில் இத்தனை, இருநூறில் இத்தனை என்று கேட்டுக்கொண்டு நிற்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. எல்லாவற்றையும் நூறில் எத்தனை என்று ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

சரி, மனிதனுக்கு விகிதமே பிடிபடாதா? அப்படியில்லை. வேலூர் வெயிலில் நன்னாரி சர்பத் குடிக்கிறோம். டம்ளரைத் தூக்கிப் பார்த்ததுமே நிறத்தை வைத்துத் தண்ணீர் தூக்கலா, சாறு தூக்கலா என்று சொல்லிவிடுகிறோம். அங்கே எண்ண எதுவும் இல்லை. குழந்தைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். பழச்சாறும் தண்ணீரும் கலந்த அளவை வெறும் நிறப்பட்டையாகக் காட்டினால் அதே விகிதம் உள்ள இன்னொன்றைச் சரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டையில் கட்டங்கள் போட்டுவிட்டால் கட்டங்களை எண்ணி, தவறிவிடுகிறார்கள். எண்ணத் தெரிந்ததே அங்கே குறுக்கே வருகிறது.

எண்ணாமல் கணிக்கும்போது பெரியவர்களின் கண்ணுக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு. காலி, பாதி, நிறைவு ஆகிய மூன்றையும் முளைக்குச்சிகளாக அடித்து வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் கூட்டி அளக்கிறது. முளைக்குப் பக்கத்தில் கணிப்பு துல்லியமாக இருக்கும், நடுவில்தான் தடுமாறும். கால், முக்கால் என்று முளைகள் கூடினால் தடுமாற்றம் குறையும். இதை ஆய்வுகளில் படித்தபோது எனக்கு நம் பழைய அளவுச் சொற்கள்தான் ஞாபகம் வந்தன. எட்டில் மூன்று என்று எண்ணாமல் காலே அரைக்கால் என்றார்கள். எட்டில் ஐந்து, அரையே அரைக்கால். கிட்ட இருக்கும் முளையைப் பிடி, அப்புறம் மிச்சத்தைச் சேர்.

என் பாட்டி அரிசிப் பானைக்குள் படியை விட்டு எடுத்து, விளிம்பிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார். “அரையே அரைக்கால் இருக்கு, போதும்” என்று உலைப் பக்கம் திரும்பிவிடுவார்.