எதிர்ப்பு சக்தியை ஏற்றப் போய்…

போன வாரம் இன்னொரு பெண், 24 வயது. தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டு இரண்டு வருடமாக நன்றாக இருந்தவர். "எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்தது, அதை ஏற்றினால் போய்விடும்" என்று யாரோ சொல்ல, மாத்திரைகளை நிறுத்திவிட்டு மூன்று மாதமாக ஏதோ ஒரு பொடி. என்னிடம் வரும்போது முகமும் காலும் வீங்கியிருந்தன. சிறுநீரில் புரதம்; சிறுநீரகம் அடிவாங்கியிருப்பதன் அடையாளம். இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது.

லூபஸோ முடக்குவாதமோ, எதிர்ப்பு சக்தி குறைந்து வருவதில்லை. அந்த எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பை எதிரி என்று நினைத்து அடிக்கிறது. அடிக்கிறவன் கையில் இன்னொரு கம்பையும் கொடுப்பீர்களா? 'இயற்கையானதுதானே' என்கிறார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்த சிலருக்கு, எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் வகை அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள்.

சொந்தத் திசுவைத் தாக்கக்கூடிய டி செல்கள் (எதிர்ப்பு சக்தியின் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) எல்லோருக்கும் உருவாகின்றன, எனக்கும்தான். பெரும்பாலானவற்றை நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியே அழித்துவிடும். தப்பி வருபவற்றை அடக்கி வைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனி வகை உண்டு. அதைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சிக்கும், அதை இயக்கும் மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும்தான் 2025 மருத்துவ நோபல். இந்தக் காவல் தளரும்போது நோய் தொடங்குகிறது. பரம்பரை, ஹார்மோன், சில வைரஸ்கள், புகைப்பழக்கம் எனப் பல சேர்ந்து தளர்த்துகின்றன. அதனால் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

(சொந்த செல்களின் கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனைதான் ஏ.என்.ஏ. அது பாசிட்டிவ் என்ற ஒற்றைத் தாளோடு அழுதுகொண்டு வருபவர்களுக்கு: நோயே இல்லாதவர்களுக்கும் அது பாசிட்டிவாக வரும்.)

சரி, செய்ய வேண்டியது. பல மாதமாக எடுக்கும் ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும்; ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான், தினமும் அல்ல. காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். லூபஸ் உள்ளவர்கள் வெயிலைத் தவிருங்கள். உடம்பு நன்றாக இருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையை விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றே வாருங்கள்.

மாத்திரை பயமாக இருக்கிறதா? வந்து சொல்லுங்கள், அளவைக் குறைக்க முடியுமா என்று சேர்ந்து பார்ப்போம். அந்தப் பொடி டப்பாவையும் எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.