55 எழுத்துகள் உதிர்ந்த கதை

பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர மணலுக்குள் டைகோடெரா என்ற அரைநாணிப் புழு வாழ்கிறது. விலங்கியல் படித்தவர்களுக்குப் பழக்கமான புழுதான். நம் மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு, அதற்கும் நமக்கும் பொதுவாக 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த மூதாதையின் சொத்து. அதற்காகப் புழு மனிதனாகிவிடும் என்று யாரும் அஞ்சுவதில்லை. குரங்கு என்றால் மட்டும், 'மனித மூளையை வைத்துவிட்டார்களாம், இனிப் பேசுமாம்' என்று மண்டபம் டீக்கடை வரை கைபேசியில் செய்தி வந்துவிடுகிறது.

உண்மையில் குரங்குக் கருவில் வைத்தது ஒரே ஒரு மனித மரபணு. ஏஆர்எச்கேப்11பி என்ற பெயர் வாயில் நுழையாது. பிறந்த கதையோ சுவையானது. சிம்பன்சியின் வழியும் நம் வழியும் பிரிந்த பிறகு, சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பழைய மரபணு ஒன்று அரைகுறையாகப் படியெடுக்கப்பட்டது. பின்னொரு காலத்தில் அந்தப் படியில் 'சி' என்ற டிஎன்ஏ எழுத்து இருந்த ஓரிடத்தில் 'ஜி' வந்தது. செல் அதை வெட்டுக்குறி என்று எடுத்துக்கொண்டு, செய்தியிலிருந்து 55 எழுத்துகளைக் கழற்றிவிட்டது. மரபுச் செய்தி மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. 55 மூன்றால் வகுபடாது. எனவே அடுத்து வரும் எழுத்தெல்லாம் இடம்பெயர்ந்து, முற்றிலும் புதிய 47 அமினோ அமிலங்கள் கொண்ட வால் ஒன்று புரதத்துக்கு முளைத்தது. இந்தப் புரதம் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து, மூளையின் மேலடுக்கான புறணியில் நரம்புச் செல்களை உருவாக்கும் முன்னோடிச் செல்களை மேலும் பெருக வைக்கிறது. முன்னோடிகள் பெருகினால் நரம்புச் செல்களும் பெருகும்.

2020இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள், ஜப்பானியருடன் சேர்ந்து இதை மார்மோசெட் குரங்கின் கருவில் சேர்த்தனர். இயல்பில் வழவழப்பான அதன் புறணி, சுமார் 100 நாள் கருவில் பெருத்து மடிப்பும் கண்டது. அத்துடன் நிறுத்திவிட்டனர், பிறக்க விடவில்லை. சரியான முடிவு. ஆனால் ராமேசுவரத்தில் தேங்காய் மூடியைப் பறித்து ஓடும் குரங்குக்கு இந்த மரபணுவைக் கொடுத்தாலும் பேச்சு வராது. அதற்கு வேறு பல மரபணுக்களும், நீண்ட பிள்ளைப் பருவமும், பேசும் சுற்றமும் வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறொரு சோதனை. 2021இல் வெளியான ஆய்வில், எந்த உறுப்பாகவும் வளரவல்ல மனிதக் குருத்துச் செல்களை 132 நீள்வால் குரங்குக் கருக்களில் செலுத்திக் கண்ணாடித் தட்டில் வளர்த்தனர். 19ஆம் நாளில் மூன்று கருக்களே எஞ்சின. எதுவும் கருப்பைக்குள் வைக்கப்படவில்லை. மாற்று உறுப்புகளை வளர்க்கும் வழியைத் தேடுவது நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு மரபணு செய்யும் வேலையை ஓரளவு கணிக்கலாம். குருத்துச் செல் ஈரலாகலாம், மூளையாகவும் ஆகலாம்.