புட்டிப்பால் குடித்து வளர்ந்த கிடா

சேலம் மாவட்டத்தில் நங்கவள்ளியைத் தாண்டி ஒரு காட்டுக்கொட்டாய். 18 பெட்டைச் செம்மறி ஆடு, சினைக்கு விடும் பொலிகிடா ஒன்று, கொஞ்சம் குட்டிகள். வைத்திருக்கும் ஆத்தாவுக்கு அறுபது வயதுக்கு மேல். ஒரு நாள் விடியற்காலையில் தவிட்டு வாளியோடு பட்டிக்குள் போய், தொட்டிப் பக்கம் குனிந்திருக்கிறார். பின்னாலிருந்து ஒரே இடி. விழுந்தவர் கையூன்றி எழப் பார்த்தபோது இரண்டாவது இடி. மகன் ஓடிவந்து படலுக்கு அடியில் இழுத்துப் போட்டுத்தான் காப்பாற்றியிருக்கிறார். இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடையெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

பார்க்கப் போனபோது கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டது ஒன்றுதான். "டாக்டரம்மா, அது எங்கூட்டுப் பிள்ளைங்க. தாய் செத்துப்போயி, புட்டிப்பால் குடுத்து நான் வளத்தது. என்னைப் போயி ஏன் முட்டுச்சு?"

அந்தக் கேள்விக்கு முந்தைய வருடமே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். பேரன் அந்தக் கிடாக்குட்டியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிறான், அது திருப்பித் தள்ளுகிறது, எல்லோரும் சிரிக்கிறோம். நானும் சிரித்துவிட்டு, ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

மந்தையோடு வளரும் கிடாவுக்கு மனிதர் வேறு, ஆடு வேறு. நாம் நெருங்கினால் நாலடி விலகி நிற்கும். அந்த விலகல் நமக்குப் பாதுகாப்பு. தனியாகப் புட்டிப்பாலில் வளர்ந்த குட்டிக்கு அது இல்லை. அதன் கணக்கில் நாமும் ஆடுதான். பருவத்துக்கு வந்ததும் கிடாக்கள் தங்களுக்குள் யார் பெரியவர் என்று மோதிப் பார்ப்பது இயல்பு. அதே மோதலுக்கு நம்மையும் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். நன்றி கெட்டதனமோ கோபமோ அதில் இல்லை. நெற்றியில் யார் கை வைத்துத் தள்ளினாலும் கிடாவுக்கு ஒரே பொருள்: வா, மோதலாம்.

அதனால்தான் மிரண்டு ஒதுங்கும் கிடாவைவிட, பெயர் சொன்னால் ஓடிவந்து உரசும் கிடாவைக் கண்டால் எனக்குப் பயம். தாயில்லாத குட்டி கிடாயாக இருந்தால், பால் கொடுத்துவிட்டு உடனே மற்றக் குட்டிகளோடு விட்டுவிடுங்கள். மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம். அதைப் பொலிக்கு வைக்கவும் வேண்டாம்.

நம் பக்கத்தில் இன்னொரு நினைப்பு உண்டு. இங்கத்திச் செம்மறி இனமான மேச்சேரி ஆட்டில் கிடாவுக்கும் கொம்பு கிடையாது; கொம்பில்லாதது என்ன செய்துவிடும் என்கிறார்கள். வளர்ந்த மேச்சேரிக் கிடா 35 கிலோ அளவில் இருக்கும். அந்த எடை ஓடிவந்து நெற்றியெலும்பால் முழங்காலில் மோதினால் கொம்பே தேவையில்லை.

முட்டுவதற்கு முன் அது சொல்லிவிட்டுத்தான் முட்டும், பெரும்பாலும். தலையைத் தாழ்த்தி முறைக்கும். முன்காலால் தரையைத் தட்டும். நம் தொடையில் நெற்றியை வைத்து மெதுவாக அழுத்தும்; பாசம் என்று பலர் நினைப்பது இதைத்தான். பிறகு பின்வாக்கில் நாலைந்து எட்டு நகரும். பின்வாங்குவதைப் பார்த்து, பயந்துவிட்டது என்று முதுகைக் காட்டாதீர்கள், ஓடவும் கூடாது. முகத்தைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து படலுக்கு வெளியே வந்துவிடுங்கள். குச்சியால் தலையில் அடிப்பதும் அதற்குப் போட்டிதான். அடுத்த முறை இன்னும் வேகமாக வரும்.

செய்யவேண்டிய வேலை பெரிய செலவு இல்லை. கிடாவுக்குத் தனி அடைப்பு, 4 அடி உயரம், மூங்கில் படலோ கம்பிவலையோ. தீவனத்தொட்டியும் தண்ணீரும் வெளியிலிருந்தே நிரப்புகிற மாதிரி ஓரத்தில் இருக்கட்டும். இது ஒன்று இருந்திருந்தால் அந்த ஆத்தாவின் கால் முறிந்திருக்காது. கழுத்தில் ஒரு மணி கட்டுங்கள், எங்கே நிற்கிறது என்று காது சொல்லும். ஒற்றையாக அடைத்தால் ஏங்கி இன்னும் முரடாகும். துணைக்கு ஒரு காயடித்த கிடா போதும். ஊசிக்கோ குளம்பு சீவவோ பிடிக்க வேண்டுமென்றால் படலால் மூலையில் ஒதுக்கி, தாடைக்கு அடியில் கை கொடுத்துத் தலையை மேலே தூக்கிப் பிடியுங்கள். தலை மேலே இருக்கும்வரை செம்மறியால் முன்னால் தள்ள முடியாது.

நேர்ந்துவிட்ட கிடாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு என்று விட்ட கிடாவை யாரும் கட்டுவதில்லை, அதட்டுவதில்லை. தெருவே கையில் ஊட்டும். நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலாவது கட்டிப்போடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சு, கிடாவின் நெற்றிக்கு நேராக இருக்கிறது.

சந்தையில் புதுக் கிடா வாங்கி வந்த அன்றே பழைய கிடாவோடு விடுகிறவர்கள் அதிகம். காலையில் ஒன்று கழுத்தொடிந்து கிடக்கும். நோய் இருக்கிறதா என்று தெரிய, புதியதை முதலில் 3 வாரம் தனியே வைக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டையும் பின்வாங்கி ஓட இடமில்லாத குறுகலான அடைப்பில் ஓரிரு நாள் ஒன்றாக விடுங்கள். ஓடிவர இடமில்லாவிட்டால் மோதலில் வேகம் இருக்காது, வாசனையும் பழகிவிடும். 25 பெட்டைக்கு ஒரு கிடா தாராளம். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் தன் மகள்களோடேயே சேரும். கிடாக்குட்டிகளை நாலு மாதத்துக்குள் பிரித்துவிடுங்கள்.

இனி நான் அதிகம் இழவு பார்த்த விஷயம். பொலிகிடா திமிராக இருக்கட்டும் என்று தவிட்டையும் தானியத்தையும் அள்ளிப் போடுகிறோம். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. சிறுநீரில் மணல் போலக் கல் திரளும். கிடாவின் சிறுநீர்க்குழாய் பாம்பு போல வளைந்து, நுனியில் நூலளவுக்குக் குறுகுகிறது. அங்கே போய் அடைத்துக்கொள்ளும். கிடா முக்கும், வாலை ஆட்டும், பல்லைக் கடிக்கும், சொட்டுச் சொட்டாகப் போகும் அல்லது போகவே போகாது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றி ஒரு நாளைக் கழித்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் சிறுநீர்ப்பை வெடித்திருக்கும். முக்குகிறது என்று கண்டவுடன் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஓடுங்கள். வராமல் தடுக்கத் தவிட்டைக் குறைத்துக் கடலைக்கொடியும் பசுந்தழையும் கூட்டி, கொஞ்சம் உப்பும் நல்ல தண்ணீரும் எப்போதும் வைத்தால் பெருமளவு தப்பலாம்.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்பைச் செம்மறிக்குப் போடவே போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று மஞ்சள் காமாலையோடு ஆட்டைச் சாய்த்துவிடும். மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் வந்து கிடா காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தால், அடுத்த இரண்டு மாதம் அதைச் சினைக்கு நம்பாதீர்கள். காய்ச்சலில் விந்து கெட்டுப்போகும். விந்து புதிதாக ஊற ஏறக்குறைய 50 நாள் ஆகும். பெட்டைகள் சினைப்பிடிக்கவில்லை என்று அவற்றை விற்றுத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆத்தா வீட்டுக் கிடாவைக் கறிக்கு மட்டும் கொடுக்கச் சொன்னேன். வியாபாரி ஒருவர் பொலிகிடாவாகக் கூடுதல் விலைக்குக் கேட்டார். மகனுக்கு ஆசைதான், ஆபரேஷன் கடன் இருந்தது. ஆத்தா கட்டிலிலிருந்தே சொல்லிவிட்டார்: "வேண்டாஞ்சாமி. அதை வாங்குற வூட்டுலயும் ஒருத்தி குனிஞ்சுதானே தவிடு வைப்பா?"

போன மாதம் குடற்புழு மருந்து கொடுக்கப் போயிருந்தேன். புதுக் கிடா வந்திருக்கிறது, தனி அடைப்பில், கழுத்தில் மணியோடு. ஆத்தா தடியூன்றி வாசலில் நிற்க, பேரன் வெளியிலிருந்தே தொட்டியில் கடலைக்கொடியைப் போட்டான். கிடா அருகில் வந்ததும் அவன் கை நெற்றிப் பக்கம் நீண்டு, பாதியில் நின்று, பின்னால் போனது.