உவர் களராகும் கதை

“சுனாமித் தண்ணீர் வயலில் கொஞ்ச நேரம்தானே நின்றது? அதற்கு ஏன் அத்தனை போகம் விளைச்சல் போனது? மழை பெய்தால் உப்பு கரைந்து ஓடிவிடாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும். கடலோர வயல்களில் முற்றிக்கொண்டிருந்த சம்பாவுக்குள்ளும் அலை புகுந்தது. அதைப் பற்றிய பேச்சு குறைவு.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மண்ணின் ஈரம் அவ்வளவு உப்பானால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான். இந்த நிலையின் பெயர் உவர். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் உவர் போகும். கடைமடையில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

என்னை மயக்குவது இதற்கு அடுத்த கட்டம். களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத தகடுகளின் அடுக்கு. தகடுகளின் மேல் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். இடையில் உட்கார்ந்து அவற்றைப் பிடித்து வைப்பது கால்சியம். அதற்கு இரண்டு நேர்மின்சுமை. அதனால் மண் பொருபொருவென்று திரளும். திரளுக்கு நடுவே இருக்கும் துளைகளில் நீரும் காற்றும் போகும். சோடியத்துக்கு ஒரே மின்சுமை. தன்னைச் சுற்றி நீரைப் போர்த்திக்கொண்டு தகட்டிலிருந்து தள்ளியே நிற்கும். கடல்நீரில் எடைக்கணக்கில் கால்சியத்தைப்போல் 26 மடங்கு சோடியம். கூட்டம் அதிகமானால் இடம் யாருக்கு? கால்சியம் வெளியேறுகிறது.

ஆனாலும் மண் உடனே கெடுவதில்லை. ஈரம் உப்பாக இருக்கும்வரை அந்த உப்பின் அடர்த்தியே தகடுகளை நெருக்கி வைத்திருக்கும். பிறகு நல்ல மழை வருகிறது. ஈரத்தில் கரைந்திருந்த உப்பு கீழே இறங்கிவிடும். தகட்டில் உட்கார்ந்த சோடியம் நகராது. நெருக்கம் தளர்ந்ததும் தகடுகள் விலகி, நுண்துகள்களாகக் கலைந்து, துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே கலங்கல் நீர் நிற்கும், ஒரு சாண் கீழே மண் காய்ந்து கிடக்கும். வெயிலில் மேல்மண் ஓடு ஓடாக வெடிக்கும். இதுதான் களர். மருந்தென்று நினைத்த மழையே வயலைப் பூட்டிவிடுகிறது.

உவர், களர் என்று தமிழில் தனித்தனிச் சொல் இருப்பதைப் பார்த்து, சோடியம் வேதியியல் அன்றே தெரியும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் கிளம்பினால் நான் பொறுப்பல்ல.

ஆகவே மழைக்கு முன்னால் கால்சியத்தைக் கொண்டுவர வேண்டும். அது தகட்டிலிருந்து சோடியத்தைக் கிளப்பிவிட்டால், பிறகு வரும் மழை சோடியத்தைக் கழுவிக்கொண்டு போகும். மலிவான வழி, கால்சியம் உள்ள ஜிப்சம். 1953-இல் வடகடல் பொங்கி நெதர்லாந்தின் வயல்கள் மூழ்கியபோது அங்கேயும் ஜிப்சம்தான் போட்டார்கள். நாகையில் ஜிப்சம் போட்டு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், வடிகால் வெட்டினார்கள். 2005-இன் கனத்த வடகிழக்குப் பருவமழையும் கைகொடுக்க, பல வயல்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் மீண்டன. வடிகால் இல்லாத தாழ்வான நிலங்கள்தான் இழுத்தடித்தன.

மண் மீளும் வேகத்துக்காகக் கடன் காத்திருப்பதில்லை. ஒரு போகம் போனால் நடவுக்கூலி, களையெடுப்பு, அறுப்பு மூன்றும் போகும். நிவாரணமோ நிலப்பதிவேட்டைப் பார்த்து வருவது. வாய்மொழிக் குத்தகைக்காரருக்கும் கூலியாளுக்கும் அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது, நல்ல செலவு. அதில் ஒரு துளியாவது கடலோர மண் பரிசோதனைக் கூடங்களுக்குத் தொடர்ந்து போகவேண்டும் என்பது என் கட்சி. வயல் உவரா களரா என்று தெரியாமல் ஜிப்சம் மூட்டை வாங்குவது, நோய் தெரியாமல் மாத்திரை விழுங்குவதுதான்.

கூடம் தூரமென்றால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் சுத்தமான மழைநீர் எடுத்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்காமல் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்து மேலே நீர் தெளிவாக இருந்தால் களர் இல்லை. உவர் இருக்கிறதா என்பதை இது காட்டாது. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் வெண்படலம் பரவினால், அது அந்தத் தகடுகள் கலைவதுதான்.