சொல் விளக்கம்: ஜெர்சி எண்

2025 மே மாதம் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்ற விராட் கோலி, தன் குறிப்பின் கடைசி வரியில் 269 என்று எழுதியிருந்தார். 18 என்றாலே கோலி என்று பழகிப்போனவர்களுக்கு, இது என்ன புது எண் என்று ஒரு கணம் தோன்றியிருக்கும். 269 என்பது அவருடைய தொப்பி எண். இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களை அறிமுகமான வரிசையில் எண்ணிக்கொண்டே வந்தால் கோலி 269ஆவது ஆள். அதே கணக்கில் சச்சின் டெண்டுல்கர் 187, தோனி 251, ரோகித் சர்மா 280. ஒரு நாட்டின் தொப்பி எண் ஒருவருக்குத்தான். அதை இன்னொருவர் கேட்டு வாங்க முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது.

18 அப்படி இல்லை. அது ஜெர்சி எண். ஒரு நாட்டின் அணியில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் அதைப் போட முடியாது, அவ்வளவுதான். வேறு நாட்டில், வேறு காலத்தில், ஏன் அதே நாட்டின் மகளிர் அணியிலேயே கூட இன்னொருவர் முதுகில் அதே எண் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அதனால் இந்த வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட்டு ‘ஜெர்சி’ என்ற சொல்லுக்கு வருகிறேன்.

தமிழ் பேசுகிற பலருக்கு ஜெர்சி என்றதும் மாடுதான் முதலில் நினைவுக்கு வரும். ஜெர்சி மாட்டுக்கும் கோலியின் சட்டைக்கும் என்ன சம்பந்தம் என்றால், இரண்டுமே ஒரு தீவின் பெயரைச் சுமக்கின்றன. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கும் கால்வாய்த் தீவுகளில் பெரியது ஜெர்சி. பதினாறாம் நூற்றாண்டிலேயே அந்தத் தீவுக்காரர்கள் கம்பளி நூலில் காலுறை பின்னி வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பளி நூலுக்கும், அதில் பின்னிய துணிக்கும் தீவின் பெயரே நிலைத்துவிட்டது. அப்புறம் மீனவர்களும் மாலுமிகளும் குளிருக்குப் போட்டுக்கொண்ட, உடம்பைப் பிடித்தாற்போல் நிற்கும் கம்பளிச் சட்டைக்குப் போனது. அங்கிருந்து விளையாட்டுக்காரர்களின் சட்டைக்கு வந்தது. பக்கத்துத் தீவான கெர்ன்சிக்கும் இதே யோகம்தான். ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஆட்டக்காரர் போடும் சட்டையை இன்றும் கெர்ன்சி என்றே சொல்கிறார்கள்.

ஊர்ப் பெயர் துணிக்கு ஆவது புதிதல்ல. கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணி காலிகோ ஆனது. பிரான்சின் நீம் நகரம் டெனிமுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் ஜெர்சி விஷயத்தில் ஊரைவிட முக்கியமானது, அந்தத் துணி எப்படி உண்டானது என்பது. தமிழில் சொல் தேடும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஒரு வேட்டியையும் ஒரு கிரிக்கெட் ஜெர்சியையும் பக்கத்தில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வேட்டியில் பாவு நூல் நேராக ஓடும், ஊடை நூல் அதைக் குறுக்கே கடக்கும். இழுத்தால் பெரிதாக அசையாது. ஜெர்சியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளையம் வளையமாகப் போய், ஒவ்வொரு வளையமும் முந்தைய வரிசையின் வளையத்துக்குள் நுழைந்து நிற்கிறது. வெளிப்பக்கம் சின்னச் சின்ன அம்புமுனைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினதுபோலத் தெரியும். உள்பக்கம் திருப்பினால் பிறை பிறையாக இருக்கும். இழுத்தால் வளையங்கள் நீண்டு கொடுக்கும், விட்டால் திரும்பிவிடும். பந்து வீசுகிறவர் கையைத் தலைக்கு மேல் சுழற்றும்போது சட்டை அவரோடு சேர்ந்து போவது இதனால்தான். இன்றைய ஜெர்சியில் கம்பளி கிடையாது, பெரும்பாலும் பாலியஸ்டர். ஆனாலும் தீவுக்காரர்களின் அந்தப் பின்னல் மட்டும் மாறவில்லை.

இதற்குத் தமிழில் நல்ல சொல் ஏற்கெனவே புழங்குகிறது: பின்னலாடை. தொழில் செய்கிறவர்களே சொல்லும் சொல், யாரும் உட்கார்ந்து உருவாக்கித் திணித்தது இல்லை. ஆக, துணி என்ற பொருளில் ஜெர்சிக்குத் தமிழ் பின்னலாடைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் எண்ணோடு சேரும்போதுதான் வருகிறது. ‘பின்னலாடை எண்’ என்று எழுதினால், ஏதோ கடையில் சரக்குக்கு ஒட்டிய சீட்டு மாதிரி இருக்கிறது.

சரி, எண் எப்படி முதுகுக்கு வந்தது? கால்பந்தில் 1928 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் ஆர்சனலும் செல்சியும் வெவ்வேறு போட்டிகளில் எண் போட்ட சட்டையோடு இறங்கின. 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் எவர்ட்டனுக்கு 1 முதல் 11, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22. அந்தக் காலத்து எண், ஆட்டக்காரர் களத்தில் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைச் சொன்னது. கிரிக்கெட்டில் எல்லோரும் ஒரே வெள்ளைச் சட்டையில் ஆடியதால் எண்ணுக்கு வேலையே இல்லாமல் இருந்தது. 1970களின் இறுதியில் ஆஸ்திரேலிய ஊடக முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய போட்டிகளில் வண்ணச் சட்டை வந்தது. 1992 உலகக் கோப்பையில் முதுகில் பெயர் ஏறியது. 1999 உலகக் கோப்பையில் எண்ணும் சேர்ந்தது. அதில் கேப்டனுக்கு 1, மற்றவர்களுக்கு 2 முதல் 15 என்று ஏற்பாடு. தென்னாப்பிரிக்கா மட்டும் விலகி நின்றது. கேப்டன் ஹான்சி குரோனியே தன் வழக்கமான 5ஐ விடவில்லை, 1 கேரி கிர்ஸ்டனுக்குப் போனது. டெஸ்டில் எண் வர, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய 2019 ஆஷஸ் தொடர் வரை ஆனது.

கிரிக்கெட்டில் எண்ணுக்கும் ஆடும் இடத்துக்கும் தொடர்பு இல்லாததால், அது முழுக்க ஆளின் சொந்த விஷயமாக ஆகிவிட்டது. ஒருவர் பிறந்த நாளை வைத்துக்கொள்கிறார், இன்னொருவர் அடித்த ரன்னை வைத்துக்கொள்கிறார். ஜூலை 7 அன்று பிறந்த தோனிக்கு 7, டிசம்பர் 12இல் பிறந்த யுவராஜுக்கு 12. இலங்கையின் காலேயில் 333 ரன் அடித்த கிறிஸ் கெயில் அதையே முதுகில் ஏற்றிக்கொண்டார். வீரேந்தர் சேவாக் கடைசி வருடங்களில் எண்ணே வேண்டாம் என்று வெறும் சட்டையோடு ஆடினார். முதுகில் எண் இல்லாதவர் யார் என்று பார்த்தால் போதும், அது சேவாக்!

சொந்த விஷயம் என்பதால்தான் ஒரே எண்ணை இருவர் போட்டிருந்தால் நம் கண் அங்கே நிற்கிறது. சச்சினுக்கும் 10, ஷாகித் அஃப்ரிடிக்கும் 10. 1996இல் நைரோபியில் அஃப்ரிடி 37 பந்தில் சதம் அடித்தது சச்சினின் மட்டையால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, எண்ணுக்கு முன்பே அவர்களுக்குள் மட்டை பொதுவாக இருந்திருக்கிறது. 2011 மார்ச் 30, மொகாலி, உலகக் கோப்பை அரையிறுதி. சச்சின் கொடுத்த நான்கு கேட்சுகளை பாகிஸ்தான் தவறவிட்டது. 85 ரன்னில் சயீத் அஜ்மல் பந்தை அவர் ஓங்கி அடிக்க, ஐந்தாவது வாய்ப்பு ஒருவர் கையில் சிக்கியது. பிடித்தவர் கேப்டன் அஃப்ரிடி. ஒரு 10 வெளியே நடந்தது, இன்னொரு 10 நடுவில் கொண்டாடியது. அந்தக் காட்சியை எண்களோடு பார்க்காதவர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

18இல் கோலியோடு இந்திய மகளிர் அணியின் ஸ்மிருதி மந்தனா இருக்கிறார். மந்தனாவுக்கு அது பிறந்த நாள், ஜூலை 18. கோலிக்கு 19 வயதுக்கு உட்பட்டோர் அணியில் தானாகக் கைக்கு வந்த எண் அது. அவர் அப்பா இறந்தது 2006 டிசம்பர் 18, அவர் இந்தியாவுக்கு அறிமுகமானது 2008 ஆகஸ்ட் 18. வந்த வழி வேறு வேறு, சேர்ந்த இடம் ஒன்று. பெங்களூரு அணிக்கு 2024இல் முதல் மகளிர் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் மந்தனா. கோலி ஆடிய ஆண்கள் அணி முதல் கோப்பையைத் தொட்டது 2025இல், ஐ.பி.எல்.லின் 18ஆவது பருவத்தில். மகளிர் 18 முந்திக்கொண்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

45இல் ரோகித்தும், 333க்கு மாறுவதற்கு முந்தைய கெயிலும். 99இல் அஸ்வினும் லசித் மலிங்காவும். 17இல் டி வில்லியர்ஸும் ரிஷப் பந்தும், இருவருமே கீப்பர் கையுறையும் போட்டவர்கள்.

ஒரே எண்ணைப் பகிர்ந்தவர்களை ஒரு சொல்லில் அழைக்கத் தமிழில் என்ன இருக்கிறது? எனக்குத் தோன்றுவது ‘எண் பங்காளிகள்’. பங்காளி என்றால் ஒரே சொத்தில் பங்கு உள்ளவர், உறவும் இருக்கும், போட்டியும் இருக்கும். மொகாலியில் நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் எல்லா இடத்துக்கும் இது ஒட்டாது. ஆஸ்திரேலிய அணியில் ஷேன் வார்னுக்குப் பின் 23ஐப் போட்ட மைக்கேல் கிளார்க் அவருக்குப் பங்காளி இல்லை, வாரிசு. அஃப்ரிடியின் 10 பின்னால் ஷாகின் ஷா அஃப்ரிடிக்குப் போனது, அவர் மாமனாரின் எண்ணைப் போட்ட மருமகன். ஒரே காலத்தில் இருவர் போட்டால் பங்காளி, ஒருவருக்குப் பின் ஒருவர் போட்டால் வாரிசு என்று வைத்துக்கொள்ளலாம்.

வாரிசாக முயன்று வாங்கிக் கட்டிக்கொண்டவரும் உண்டு. 2017 ஆகஸ்ட் 31, கொழும்பு. ஷர்துல் தாக்கூர் தன் முதல் ஒருநாள் போட்டிக்கு 10 போட்டு வந்தார். ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள். அவர் சொன்ன காரணம் எண் கணிதம். பிறந்த தேதி 16-10-1991, எல்லா இலக்கத்தையும் கூட்டினால் 28, அதையும் கூட்டினால் 10. கணக்கு சரிதான், ஆனால் அந்த 10க்குள் அதற்குள் வேறொருவர் குடியிருந்தார். தாக்கூர் பிறகு 54க்கு மாறினார். அந்தக் கோபம் எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. அறிமுகப் போட்டி ஆடுகிற ஒரு பையனுக்கு அது பெரிய பாரம்.

இனி தமிழ்ச் சொல். ஜெர்மன்காரர்கள் இதை ‘முதுகு எண்’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ஸ்பானியச் சொல்லும் முதுகிலிருந்தே வந்தது. பொருளைப் பார்த்தால் நமக்கும் ‘முதுகெண்’ கச்சிதமான சொல். ஆனால் தமிழில் முதுகுக்கு வேறு ஒரு கதை இருக்கிறது. முதுகு காட்டுவது தோற்று ஓடுவது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதியபோது முதுகில் புண் பட்டதற்காக நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான் சேரமான் பெருஞ்சேரலாதன். அப்படிப்பட்ட மொழியில் வீரனின் அடையாளத்தை முதுகோடு சேர்த்துச் சொன்னால் காது ஏற்க மறுக்கிறது. எனக்கு மறுக்கிறது.

‘சட்டை எண்’ எளிமையானது. ஆனால் 40, 42 என்று அளவைக் கேட்கும் தொனி அதில் வந்துவிடுகிறது. மிஞ்சுவது ‘சீருடை எண்’. செய்திகளில் இது ஏற்கெனவே வருகிறது. சீர் என்றால் ஒழுங்கு, ஒரே மாதிரி. சீருடை பதினொரு பேரை ஒரே ஆளாக்குகிறது, எண் அதிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டு சொல்லும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன, விஷயமும் அதுதானே. இலங்கைத் தமிழர் எண்ணை இலக்கம் என்பார்கள், ‘சீருடை இலக்கம்’ என்று எழுதினாலும் அழகாகத்தான் இருக்கிறது. பேச்சில் ஜெர்சி நம்பர் என்பதை யாரும் விடப்போவதில்லை, விட வேண்டியதும் இல்லை. எழுதும்போது சீருடை எண் என்று எழுதிப் பாருங்கள், எந்த வாக்கியத்திலும் இடறாது.

ஒன்று பாக்கி. ஒரு எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுப்பதை எப்படிச் சொல்வது? ‘ஒதுக்கி வைத்தார்கள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழில் ஒதுக்கி வைப்பது தண்டனை, அது இங்கே கூடாது. ‘எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள்’ என்பதே சரி. பெங்களூரு அணி 2023இல் டி வில்லியர்ஸின் 17க்கும் கெயிலின் 333க்கும் ஓய்வு கொடுத்தது. பந்து பட்டு 2014 நவம்பரில் இறந்த பிலிப் ஹியூஸின் சீருடை எண் 64. அதற்கு ஓய்வு கொடுக்கும்படி ஆஸ்திரேலிய வாரியத்தைக் கேட்டுக்கொண்டவர் அவருடைய கேப்டனும் நண்பருமான கிளார்க். வார்னின் 23ஐப் போட்டு ஆடிய அதே கிளார்க். வாரியம் ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலிய ஒருநாள் அணியில் 64 இனி யாருக்கும் கிடையாது.